மணல்முனைக் கிடங்குகளும் எரிந்த ஊரும்: கிரேடவுன் இழப்பீட்டு வழக்கு

பிற நாட்டில் தொழில் செய்யச் சென்றவனது கட்டடத்தை அவ்வூர் அதிகாரிகள் இடித்துவிட்டால், அதற்கு ஈடு கேட்க உரியவர் யார், கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்பது பன்னாட்டுச் சட்ட நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் கேள்வி. பொருளை இழந்தவன் முதலில் அவ்வூர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கு நீதி மறுக்கப்பட்டால் அவனுடைய அரசு தலையிடலாம். தலையிடும்போதும் இழப்பின் அளவை மிஞ்சிக் கேட்கலாகாது. நூல்கள் கூறும் விடை இது. இவ்விடைக்கும் நடைமுறைக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருந்தது என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிகராகுவா நாட்டின் கீழைக் கரையில் இருந்த ஒரு சிற்றூர் தன்னையே விலையாகக் கொடுத்துக் காட்டிற்று. அவ்வூரார் ஒரு கம்பெனியின் கட்டடங்கள் சிலவற்றை இடித்தனர். அதற்கு ஈடு தரவில்லை என்று ஊர் முழுவதும் அழிக்கப்பட்டது. பின்னர், ஊரோடு தம் பொருளை இழந்த வணிகர்கள் ஈடு கேட்டனர். முதற் கணக்கைப் பீரங்கி தீர்த்தது. இரண்டாம் கணக்கை எவரும் தீர்க்கவில்லை.

நிகராகுவா ஏரியின் நீர் சான் ஹுவான் என்னும் ஆறாக ஓடிக் கரீபியக் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில் இருந்த துறை, ஸ்பானியர் காலத்தில் சான் ஹுவான் டெல் நோர்ட்டே எனப் பெயர் பெற்றிருந்தது. அக்கரையில் வாழ்ந்த மிஸ்கிட்டோ மக்களுக்கென ஓர் அரசர் உண்டு. அவருடைய முன்னோர் காலத்திலிருந்தே ஆங்கிலேயர் அக்குடியோடு உறவு வைத்திருந்தனர். அந்த உறவு காலப்போக்கில் பாதுகாப்பாட்சி என்னும் பெயரைப் பெற்றது. மிஸ்கிட்டோ அரசர் பெயரால் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டின் முதல் நாளன்று அத்துறையைக் கைப்பற்றினர். அந்நாள் ஜமைக்கா ஆளுநராக இருந்த சர் சார்லஸ் எட்வர்டு கிரே என்பவரின் பெயரையொட்டி ஊருக்குக் கிரேடவுன் என்று பெயரிட்டனர். நிகராகுவா அரசு இதனை ஒருபோதும் ஏற்கவில்லை. ஏற்காமலிருப்பதைத் தவிர அதனால் செய்யக்கூடியதும் அதிகமில்லை.

அதே ஜனவரித் திங்களில், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த கலிபோர்னியாவில் ஓர் ஓடைப் படுகையில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கிரேடவுனின் விதியை எழுதியது அந்தத் தங்கமே. அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்து மேலைக் கரைக்குப் போக அந்நாளில் இருப்புப்பாதை இல்லை. தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பலில் போனால் பல மாதங்கள் ஆகும். பனாமா நிலஇடுக்கைக் கடப்பது ஒரு வழி. நிகராகுவாவைக் கடப்பது மற்றொரு வழி. நியூயார்க்கில் கப்பலேறி, கிரேடவுனில் இறங்கி, ஆற்றுப் படகில் ஏரிக்குச் சென்று, ஏரியைக் கடந்து, எஞ்சிய பன்னிரண்டு கல் தொலைவைத் தரைவழியாகப் போனால் பசிபிக் கடல் வந்துவிடும். இவ்வழியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தவர் கப்பற் செல்வர் கார்னேலியஸ் வாண்டர்பில்ட். 1851இல் நிகராகுவா அரசின் உரிமத்தோடு அக்செசரி டிரான்சிட் கம்பெனி என்னும் நிறுவனம் இதற்கென அமைந்தது.

இதற்கிடையே, 1850 ஏப்ரலில் வாஷிங்டனும் லண்டனும் கிளேட்டன்–புல்வர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருந்தன. நடு அமெரிக்காவின் எப்பகுதியையும் இரு நாடுகளும் கைப்பற்றலாகாது, குடியேற்றலாகாது, எதிர்காலக் கால்வாயைத் தனியுரிமையாக்கலாகாது என்பது அதன் சாரம். ஒப்பமிட்ட மை உலருமுன் பொருள்கோளில் சண்டை தொடங்கிற்று. இனிமேல் கைப்பற்றக் கூடாது என்றுதான் உள்ளது, முன்பே இருப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை என்றது லண்டன். முன்பே இருப்பதும் அடங்கும் என்றது வாஷிங்டன். ஆகவே கிரேடவுன் யாருடையது என்று கேட்டால் நான்கு விடைகள் கிடைத்தன: நிகராகுவாவினுடையது, மிஸ்கிட்டோ அரசருடையது, ஆங்கிலேயர் காவலில் உள்ளது, ஒருவருடையதும் அன்று. நான்காம் விடையைச் செயற்படுத்தத் துணிந்தவர்கள் அவ்வூராரே. 1852இல் அவர்கள் தமக்கென ஓர் அரசமைப்பை வகுத்து, நகரவையையும் நகரத் தலைவரையும் தேர்ந்தெடுத்து, காவல் தலைவர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டனர். ஆங்கிலேயர் இதற்கு இசைந்தனர். ஊரில் அமெரிக்கர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பின மக்கள், நிகராகுவா மக்கள் எனப் பலரும் கலந்திருந்தனர். அமெரிக்க ஊர்களின் ஆட்சிமுறையைப் பார்த்தே இவ்வமைப்பு உருவாயிற்று. பிற்காலத்தில் வாஷிங்டன் இவ்வூரைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்பவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

மணல்முனை

துறைமுகத்தின் மறுபுறம், ஊருக்கு எதிரே, புன்டா அரீனாஸ் என்னும் மணல்முனை ஒன்று நீண்டு கிடந்தது. கப்பல்களுக்கு வேண்டிய நிலக்கரியைச் சேமிக்கக் கம்பெனி அங்கே இடம் பிடித்தது. நிலக்கரிக் கிடங்கோடு நின்றிருந்தால் வழக்கு எழுந்திராது. கம்பெனி மேலும் கட்டடங்களை எழுப்பிற்று. கடற்கப்பலிலிருந்து இறங்கும் பயணிகளை அம்முனையிலேயே ஆற்றுப் படகுக்கு மாற்றி அனுப்பும் ஏற்பாடும் வந்தது. தங்கம் தேடிச் செல்லும் கூட்டம் துறைமுகத்துக்கு வந்தும் ஊருக்குள் கால் வைக்காமலே போயிற்று. கிரேடவுனின் விடுதிக்காரரும் கடைக்காரரும் நம்பியிருந்தது அந்தக் கூட்டத்தைத்தான். எதிர்க்கரையில் ஆட்கள் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வெறுங்கடையில் உட்கார்ந்திருந்த வணிகனின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

நகரவையின் வாதம் இது: அம்முனை ஊரின் எல்லைக்கு உட்பட்டது, நிலக்கரிக்காக மட்டும், பெயரளவு வாடகைக்கு, ஊருக்குத் தேவைப்படும்போது திருப்பித் தரவேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு கம்பெனிக்கு விடப்பட்டது. கம்பெனியின் வாதமோ, தனக்கு உரிமை தந்தது நிகராகுவா அரசு, கிரேடவுன் நகரவை என்று ஒன்று இருப்பதாகத் தான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது. இரண்டிலும் ஓரளவு சாரம் இருந்தது. ஆனால் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத்தக்க நடுவர் எங்கும் இல்லை. ஊர் நீதிமன்றம் வழக்காடும் ஒரு தரப்பின் நீதிமன்றம். நிகராகுவா நீதிமன்றத்தின் ஆணை ஊருக்குள் செல்லாது. உள்ளூர் நீதியை முதலில் நாடுக என்னும் விதி, உள்ளூர் எது என்பதே தெரியாத இடத்தில் என்ன செய்யும்?

1853 பிப்ரவரியில் நகரவை கட்டடங்களை அகற்றும்படி ஆணையிட்டது. கம்பெனி பொருட்படுத்தவில்லை. காவல் தலைவர் ஆட்களோடு துறைமுகத்தைக் கடந்து சென்று கட்டடங்கள் சிலவற்றை இடித்தார். எஞ்சியவற்றையும் இடிக்குமுன், மார்ச்சில், 'சயேன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் ஹாலின்ஸ் கப்பற்படை வீரர்களை மணல்முனையில் இறக்கிக் காவல் நிறுத்தினார். இடிப்பு நின்றது. கம்பெனி தன் இழப்பைக் கணக்கெழுதி வைத்துக்கொண்டது.

ஓராண்டுக்கு மேல் கணக்கு அப்படியே கிடந்தது. 1854 மே மாதத்தில் இரண்டாவது பிணக்கு வந்தது. கம்பெனியின் ஆற்றுப் படகு ஒன்றின் தலைவர், சிறு படகொன்றை ஓட்டிவந்த உள்ளூர்ப் படகோட்டி ஒருவரோடு சச்சரவிட்டு, அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையாளியைப் பிடிக்கக் கிரேடவுன் காவல் தலைவர் ஆணையோடு வந்தார். அப்படகில், நடு அமெரிக்காவுக்கான அமெரிக்கத் தூதர் சோலோன் போர்லண்ட் பதவியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அமெரிக்கரைக் கைது செய்ய இவ்வூராருக்கு அதிகாரம் இல்லை என்று கூறி, துப்பாக்கியை நீட்டி அவர் காவலரைத் தடுத்தார். அன்று மாலை ஊருக்குள் இருந்த அமெரிக்க வணிக முகவர் ஜோசப் ஃபேபன்ஸின் வீட்டுக்கு அவர் சென்றபோது கூட்டம் கூடிற்று. எவரோ எறிந்த உடைந்த புட்டி அவர் முகத்தைக் காயப்படுத்திற்று. தூதர் மேல் கை வைப்பது பன்னாட்டு வழக்கில் பெருங்குற்றம். ஆயினும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரைத் துப்பாக்கி முனையில் தப்புவித்த தூதரின் செயலை எந்த வழக்கில் சேர்ப்பது என்பதைப் பிற்கால அமெரிக்க ஆவணங்கள் அதிகம் ஆராயவில்லை. படகோட்டியின் உயிருக்கு ஈடு வேண்டும் என்று எந்தத் தலைநகரிலிருந்தும் ஓர் ஓலையும் புறப்படவில்லை.

177 குண்டுகள்

போர்லண்ட் வாஷிங்டன் சேர்ந்து முறையிட்டார். அப்போது குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். வெளியுறவுச் செயலர் வில்லியம் மார்சி. கப்பற்படைச் செயலர் ஜேம்ஸ் டாபின். ஹாலின்ஸ் மீண்டும் 'சயேன்' கப்பலோடு அனுப்பப்பட்டார். ஈடும் மன்னிப்பும் பெறுக, ஊரார் இத்தகைய செயல்களை இனிப் பொறுக்கமுடியாது என்று உணரச் செய்க என்பது கட்டளை. உயிருக்கும் உடைமைக்கும் சேதமின்றி இது முடியும் என்ற நம்பிக்கையையும் டாபின் எழுதியிருந்தார். கம்பெனியின் வழக்கறிஞர் ஜோசப் ஒயிட், ஃபேபன்ஸுக்கு எழுதிய மடலில் வேறு நம்பிக்கை இருந்தது. ஊருக்கும் ஊராருக்கும் இரக்கம் காட்டப்படாமல் இருக்கட்டும், அவர்கள் நன்கு தண்டிக்கப்பட்டால் நாமே இடத்தைக் கைக்கொண்டு, நம் அதிகாரிகளை அமர்த்தி, ஊரை வணிகத் தலமாகக் கட்டலாம் என்னும் கருத்தை அவர் மறைக்காமல் எழுதினார். இம்மடல் பின்னர் வெளிவந்தது. அரசின் கட்டளையைக் காட்டிலும் கம்பெனியின் விருப்பமே நிறைவேறியது என்பதை நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

ஜூலையில் ஃபேபன்ஸ் ஊராரிடம் 24,000 டாலர் கேட்டார். முந்தைய ஆண்டு இடிக்கப்பட்ட கட்டடங்களும், பின்னர் களவுபோனதாகக் கம்பெனி கூறிய பொருள்களும் அதில் அடங்கும். தூதருக்கு இழைத்த அவமதிப்புக்காக மன்னிப்பும் கேட்கப்பட்டது. பதில் வரவில்லை. சில நூறு பேர் வாழ்ந்த அவ்வூர் அத்தொகையைத் திரட்டியிருக்க முடியுமா என்பதும் ஐயத்திற்குரியதே. ஜூலை 12ஆம் நாள் ஹாலின்ஸ் அறிவிப்பொன்றை ஒட்டச் செய்தார்: கேட்டவை நிறைவேறாவிட்டால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊர் பீரங்கியால் தாக்கப்படும். வெளியேற விரும்புவோர்க்கு ஒரு நீராவிப் படகும் ஏற்பாடாயிற்று. அதில் ஏறியவர்கள் மிகச் சிலரே. பிறர் காட்டுப் பக்கம் ஒதுங்கினர். துறைமுகத்தில் 'பெர்முடா' என்னும் சிறிய ஆங்கிலேயப் படைக்கலம் ஒன்று நின்றது. அதன் தலைவர் லெப்டினன்ட் ஜாலி, ஊரிலுள்ள ஆங்கிலேயர் உடைமைகளைச் சுட்டி எழுத்து வாயிலாகக் கண்டனம் தெரிவித்தார். தம்மிடமுள்ள வலிமை கண்டனத்துக்கு மேல் போதாது என்பதை அவரே அறிவார். ஹாலின்ஸ் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார்.

ஜூலை 13 காலை ஒன்பது மணிக்குப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. முதலில் முக்கால் மணி நேரம். பிறகு அதே அளவு இடைவெளி. ஊரார் பணிந்து வருவரோ எனப் பார்ப்பதற்கே அந்த இடைவெளி என்றார் ஹாலின்ஸ். மீண்டும் அரை மணி நேரம். பின்பு மூன்று மணி நேர ஓய்வு. மீண்டும் இருபது நிமிடம். மொத்தம் 177 குண்டுகள். எவரும் எதிர்த்துச் சுடவில்லை. மரத்தாலும் ஓலையாலும் ஆன வீடுகளைக் குண்டுகள் துளைத்துச் சென்றனவேயன்றி ஊர் முழுதும் விழவில்லை. ஆகவே பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு குழு கரையிறங்கி எஞ்சியவற்றுக்குத் தீ வைத்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஊர் இல்லாமற் போயிற்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனாவது தன் வீட்டைத்தான் கொளுத்தினான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 24,000 டாலர் அன்றும் வசூலாகவில்லை. கடன்காரன் வீட்டை எரித்தால் கடன் தீராது. எரிந்த கிடங்குகளில் இருந்த சரக்குகளோ ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஏன், அமெரிக்கர்களுடையவையுமாக இருந்தன. மணல்முனைக் கட்டடங்களை இடிக்க ஆணையிட்டவர்கள் இவர்கள் எல்லாரும் அல்லர். இவர்களுள் பலர் அங்கே இடம்பெற்றிருந்த வணிகர்கள், அவ்வளவே.

ஈடு கேட்டவர்கள்

அமெரிக்காவிலேயே பத்திரிகைகள் பல இதனைக் கடிந்தன. அரசு முதலில் தயங்கிற்று. பின்னர் ஹாலின்ஸின் செயலைத் தன் செயலாக ஏற்றுக்கொண்டது. 1854 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டறிக்கையில் பியர்ஸ், கிரேடவுன் முறையான அரசாட்சி எனக் கருதத்தக்கதன்று, சட்டத்துக்குப் புறம்பானவர்களின் கொள்ளைத் தளம் போன்றது என்னும் பொருள்பட எழுதினார். இங்கே ஒரு முரண் உண்டு. அரசே இல்லாத கும்பல் என்றால், ஈடும் மன்னிப்பும் கேட்டு அதற்கு முறைப்படி ஓலை விடுத்தது எதற்காக? பொறுப்புள்ள நகரம் என்றால், அதை முன்னறிவிப்பு ஒரே நாள் கொடுத்து எரித்தது எந்த விதியின்படி? கடன் கேட்கும்போது ஊர் அரசாக இருந்தது, எரிக்கும்போது கும்பலாயிற்று.

லண்டன் சினந்தது. ஆனால் 1854 ஜூலையில் அதன் படைகள் ரஷியாவோடு கிரீமியப் போரில் இறங்கியிருந்தன. வெளியுறவு அமைச்சர் கிளாரண்டன் பிரபு, அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் புக்கானனிடம் கண்டனம் தெரிவித்தார். வாஷிங்டன் அச்செயலை மறுதலிக்கவும் இல்லை, ஈடு தரவும் இல்லை. பிரான்ஸும் தன் குடிமக்களுக்காகக் கேட்டது. 1857 பிப்ரவரியில் மார்சி, பிரெஞ்சுத் தூதர் சார்த்திஜ் கோமகனுக்கு விடை எழுதினார். அயல்நாட்டில் குடியேறி வாழ்பவர்கள் அச்சமூகத்தின் நன்மை தீமைகளில் பங்காளிகள். அச்சமூகம் செய்த குற்றத்துக்காக அதன்மேல் வரும் தண்டனையில் அவர்களுக்கு இழப்பு நேர்ந்தால் அதனிடமே ஈடு கேட்கவேண்டும் என்பது அவ்விடையின் கருத்து. சட்ட நோக்கில் நன்கு யாத்த வாதம்தான். ஆனால் அச்சமூகத்தின் கருவூலமும் கட்டடமும் ஆவணமும் அதே தீயில் போயிருந்தன. சாம்பலிடம் போய்க் கேளுங்கள் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

பொருளிழந்த அமெரிக்க வணிகர் ஒருவர் ஹாலின்ஸ் மீதே நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். 1860இல் நீதிபதி சாமுவேல் நெல்சன் தீர்ப்பளித்தார். வெளிநாட்டில் உள்ள குடிமக்களின் உயிரையும் உடைமையையும் காப்பது குடியரசுத் தலைவரின் பொறுப்பு. எப்போது எவ்வாறு காப்பது என்பது அவருடைய முடிவு. அவர் ஆணைப்படி செய்த அதிகாரியை நீதிமன்றம் கேள்வி கேட்க இயலாது என்றார் அவர். குடிமக்களின் உடைமையைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது என்னும் அச்செயல், ஒரு குடிமகனின் உடைமையையே அழித்ததற்கான வழக்கு இது என்பது தீர்ப்பின் ஓட்டத்தில் மறைந்துபோயிற்று. காங்கிரஸின் இசைவின்றிக் குடியரசுத் தலைவர் வெளிநாட்டில் படையைப் பயன்படுத்தலாம் என வாதிடும் அமெரிக்கச் சட்ட அறிஞர்கள், நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இத்தீர்ப்பையே மேற்கோள் காட்டினர். சிற்றூரின் சாம்பலில் பேரரசின் சட்டம் முளைத்தது. பிரெஞ்சுக் குடியினர் அமெரிக்க உரிமைக்கோரல் நீதிமன்றத்தை நாடியபோது, இது அரசுகள் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டியது, நீதிமன்றத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று 1868இல் விடை கிடைத்தது. அரசிடம் கேட்டால் ஊரைக் கேள் என்றது, ஊர் இல்லை, நீதிமன்றத்தைக் கேட்டால் அரசைக் கேள் என்றது.

பாமர்ஸ்டனின் இரு நாக்கு

ஆங்கிலேய வணிகர்களுக்கு மற்றொரு நம்பிக்கை இருந்தது. அப்போது லண்டனில் தலைமை அமைச்சராக இருந்தவர் பாமர்ஸ்டன் பிரபு. அயல்நாட்டில் உள்ள ஆங்கிலேயக் குடியினரின் உடைமைக்கு அவரைவிடப் பெரிய காவலர் உலகில் இல்லை என்னும் பெயரை அவர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஈட்டியிருந்தார்.

அந்தப் பெயரை ஈட்டித் தந்தது கிரேக்க நாடு. 1847 ஈஸ்டர் நாளில் ஏதென்ஸில் டான் பசிஃபிகோ என்னும் யூத வணிகரின் வீட்டைக் கூட்டமொன்று சூறையாடிற்று. அவர் ஜிப்ரால்டரில் பிறந்த உரிமையால் ஆங்கிலேயக் குடியினர். வீட்டுப் பொருள்களுக்கு மட்டுமன்றி, போர்ச்சுகல் அரசு தமக்குத் தரவேண்டிய தொகைக்கான ஆவணங்கள் அழிந்தன என்று கூறி, மொத்தம் 31,534 பவுன் கேட்டார். கிரேக்கப் புரட்சியின் வரலாற்றை எழுதிய ஜார்ஜ் ஃபின்லேயின் குறையும் அப்பட்டியலில் சேர்ந்தது. ஏதென்ஸில் அவர் வாங்கியிருந்த நிலத்தை 1836இல் அரசர் ஆட்டோ தம் அரண்மனைத் தோட்டத்துக்காக வளைத்துக்கொண்டு உரிய விலை கொடுக்காமல் இழுத்தடித்தார். இரண்டையும் ஒரு தட்டில் வைத்தால் ஃபின்லேயின் வழக்கே நேர்மையானது. ஆனால் பேர்பெற்றது பசிஃபிகோ வழக்கு. பாமர்ஸ்டன் வெளியுறவு அமைச்சராக இருந்து 1850 ஜனவரியில் அட்மிரல் பார்க்கரின் கப்பற்படையை ஏவிப் பிரேயுஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டார். பிரான்ஸ் சினந்து தன் தூதரை லண்டனிலிருந்து திரும்பப் பெற்றது. பிரபுக்கள் சபை பாமர்ஸ்டனைக் கண்டித்தது. மக்கள் சபையில் ஜூன் 25ஆம் நாள் இரவு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அவர் பேசினார். பழைய ரோமானியன் எங்குச் சென்றாலும் தான் ரோமக் குடிமகன் என்று சொல்லித் தலைநிமிர்ந்ததுபோல், ஆங்கிலேயக் குடிமகனும் எந்நாட்டில் இருப்பினும் இங்கிலாந்தின் விழிப்பான கண்ணும் வலிய கையும் தன்னைக் காக்கும் என நம்பலாம் என்றார். 46 வாக்கு மிகுதியில் அவர் வென்றார். கிரேக்கம் பசிஃபிகோவுக்கு 1,20,000 டிராக்மாவும் 500 பவுனும் கொடுத்தது. போர்ச்சுகல் ஆவணங்களுக்கென அவர் கேட்டதோ 26,618 பவுன். பின்னர் லிஸ்பனில் கூடிய ஆணையம் ஆராய்ந்து, அதற்குரியது 150 பவுன் எனக் கண்டது.

அந்த வலிய கையைக் கிரேடவுன் வணிகர்கள் நினைவூட்டியபோது, 1857 ஜூனில் பாமர்ஸ்டன் மக்கள் சபையில் தந்த விடை வேறு. சட்ட அதிகாரிகளின் கருத்தைக் கேட்டோம். பிறர் ஆட்சிக்குட்பட்ட இடத்தில் குடியிருப்பவர்கள் அவ்விடத்தின்மேல் வரும் தாக்குதலின் விளைவையும் ஏற்கவேண்டியவர்களே. ஆகவே ஈடு கேட்க இயலாது என்றார். இங்கிலாந்தே 1807இல் கோபன்ஹேகனைப் பீரங்கியால் தாக்கியதும், 1854இல் ரஷியர் வசமிருந்த ஃபின்லாந்துக் கரையில் ஊலேபோர்க் துறையின் சரக்குகளை எரித்ததும் அவ்விவாதத்தில் எடுத்துக்காட்டப்பட்டன. அங்கெல்லாம் பொருளிழந்த அயலாருக்கு இங்கிலாந்து ஈடு தரவில்லை. இன்று அமெரிக்காவிடம் கேட்டால் நாளை நம்மிடம் கேட்பார்கள் என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் கோபன்ஹேகனும் ஊலேபோர்க்கும் போர்க்காலச் செயல்கள். கிரேடவுனோடு எவரும் போர் அறிவிக்கவில்லை. அங்கு நடந்தது கடன் வசூல். இந்த வேற்றுமையை மறக்கக்கூடியவர் அல்லர் பாமர்ஸ்டன். எதிரே நின்ற நாடு கிரேக்கம் அன்று என்பதுதான் உண்மையான வேற்றுமை.

இதிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. 1849 மே மாதத்தில் ஆஸ்திரியப் படை இத்தாலியின் லிவோர்னோ நகரத்துக் கிளர்ச்சியை ஒடுக்கியபோது ஆங்கிலேய வணிகர் சிலரின் பொருள்கள் சூறைபோயின. பாமர்ஸ்டன் டஸ்கனி அரசிடம் ஈடு கேட்டார். அயலான் ஒருவன் உள்நாட்டுக் குடிமகனைவிட மேலான உரிமையைக் கோரமுடியாது என்று ஆஸ்திரிய அமைச்சர் ஷ்வார்ட்சன்பர்க் 1850இல் மறுத்தார். ரஷிய அமைச்சர் நெசல்ரோடு அவரை ஆதரித்தார். அன்று லண்டன் ஏற்காத இக்கொள்கையைத்தான் ஏழாண்டு கழித்து லண்டன் தன் வணிகர்களுக்குச் சொல்லிற்று. 1868இல் அர்ஜென்டினச் சட்ட அறிஞர் கார்லோஸ் கால்வோ தம் பன்னாட்டுச் சட்ட நூலில் இதே கொள்கையை வலிமை குறைந்த நாடுகளின் கேடயமாக வகுத்தபோது, ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவும் அதைப் பொறுப்பற்ற கோட்பாடு என்றன. பெரிய அரசுகள் தமக்குள் வழங்கிவந்த சலுகையையே அவர் எல்லாருக்கும் கேட்டார். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றின் அரசமைப்பிலும் ஒப்பந்தங்களிலும் கால்வோவின் பெயர் நிலைத்தது. கடனை வசூலிக்கப் படையைப் பயன்படுத்துவதற்கு 1907இல் ஹேகில் கூடிய மாநாடு ஓரளவு தடை விதித்தது. அதுவும் ஒப்பந்தக் கடனுக்கு மட்டுமே.

ஊரை அழித்துக் கைக்கொள்ள எண்ணிய கம்பெனியின் கதையும் நெடிது செல்லவில்லை. 1855இல் வில்லியம் வாக்கர் என்னும் அமெரிக்கக் கூலிப்படைத் தலைவர் நிகராகுவாவில் புகுந்து ஆட்சியைப் பிடித்தார். மறு ஆண்டு கம்பெனியின் உரிமத்தையே பறித்து வேறு இருவருக்குக் கொடுத்தார். வாண்டர்பில்ட் கோஸ்டாரிகாவைத் தூண்டி ஆற்றுப் படகுகளைக் கைப்பற்றச் செய்தார். சண்டையில் வழியே அடைபட்டது. ஹாலின்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது தெற்கத்திய அணிக்குச் சென்று, தாம் எந்தக் கொடிக்காகக் கிரேடவுனை எரித்தாரோ அந்தக் கொடிக்கு எதிராகக் கப்பல் செலுத்தினார்.

1860 ஜனவரியில் ஆன மனாகுவா உடன்படிக்கையால் இங்கிலாந்து மிஸ்கிட்டோ பாதுகாப்பாட்சியைக் கைவிட்டது. நிகராகுவாவின் இறையாண்மைக்குட்பட்ட சுங்கமற்ற துறையாகக் கிரேடவுன் அறிவிக்கப்பட்டது. இழந்த பொருள் பற்றி அதில் ஒன்றுமில்லை. எரிந்த ஊரை மக்கள் மீண்டும் கட்டினர். ஆற்றின் நீர் பெரும்பாலும் வேறு கிளைக்குத் திரும்பியதால் துறைமுகம் மணலால் தூர்ந்து, பெரிய கப்பல்கள் வருவது நின்றது. கால்வாய் வெட்ட 1889இல் இங்கே தொடங்கிய வேலை சில ஆண்டுகளில் பணமின்றி நின்றது. கால்வாய் பனாமாவுக்குப் போயிற்று. 1980களில் நடந்த உள்நாட்டுப் போரில் ஊர் மறுபடியும் அழிந்தது. 1990க்குப் பின் திரும்பிய மக்கள் சற்றுத் தள்ளி, இந்தியோ ஆற்றங்கரையில் புதிய ஊரைக் கட்டிக்கொண்டனர். பழைய இடத்தில் எஞ்சியிருப்பவை கல்லறைகள். ஆங்கிலேயருக்கு ஒரு பகுதி, அமெரிக்கருக்கு ஒரு பகுதி, கத்தோலிக்கருக்கு ஒரு பகுதி எனப் பிரித்தே அடக்கம் செய்திருக்கிறார்கள்.